எண்ணெய் பாட்டிலைத் திருப்பிப் பாத்து விதையோட ஜீனைக் கண்டுபிடிக்கிறது எப்படி

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனா எண்ணெய் அலமாரிகிட்ட யாராவது ஒருத்தர் "சூரியகாந்தி நல்லதா கடலை எண்ணெய் நல்லதா"ன்னு கேப்பாங்க, எங்க மாமியாரும் அதே கேள்விதான். நான் எல்லாருக்கும் சொல்றது, செடி பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க, அந்த விதைக்குள்ள எந்த ஜீன் ஓடுது எது நின்னு போச்சுங்கறதுதான் எண்ணெயோட குணம். சூரியகாந்திங்கற ஒரே பேர்ல ரெண்டு வேற எண்ணெய் விக்குது, பாட்டிலைத் திருப்பினா தெரிஞ்சிரும்.

பின்பக்கம் சாச்சுரேட்டட், மோனோ, பாலின்னு கொழுப்பு வகைக்கு மூணு வரி இருக்கும். 100 மில்லிக்கான கணக்கை மட்டும் எடுங்க, ஸ்பூன் கணக்கு வேணாம், பாட்டிலுக்கு பாட்டில் மாறும். 100 மில்லி எண்ணெய் சுமார் 92 கிராம் எடை, அதனால மூணையும் கூட்டினா 90 பக்கத்துல வரும்.

இப்ப சூரியகாந்தி பாட்டிலை எடுங்க. பாலி 50 கிராமுக்கு மேல இருந்தா அது சாதாரண ரகம், மோனோ 70-ஐத் தாண்டினா ஹை ஓலியிக், அதாவது ஓலியிக்ங்கற கொழுப்பு அமிலம் கூடின ரகம். ஏன் இவ்ளோ வித்தியாசம்னா, விதை மொதல்ல ஓலியிக் அமிலம் செய்யும், அப்புறம் ஃபேட்2 (FAD2)ன்னு ஒரு ஜீன் தர்ற என்சைம் அதுல இன்னொரு இரட்டைப் பிணைப்பைப் போட்டு லினோலியிக்கா மாத்திரும். ஓலியிக் மோனோ வரியில வரும், லினோலியிக் பாலி வரியில வரும். அந்த ஜீன் விதையில அடங்கிட்டா ஓலியிக் அப்படியே தங்கிரும், அவ்ளோதான். 1976-ல சோவியத்ல சோல்டாடோவ்ங்கறவர் விதைக்கு ரசாயனம் கொடுத்து உண்டாக்கின பெர்வெனெட்ஸ்ங்கற ரகத்துல இருந்துதான் ஹை ஓலியிக் சூரியகாந்தி வந்துச்சு, வேற உயிரோட ஜீன் எதையும் உள்ள புகுத்தல.

கடலை கதை எனக்கு ரொம்பப் புடிக்கும். கடலைச்செடி ரெண்டு காட்டு இனம் சேந்து உண்டானது, அதனால ஃபேட்2 ரெண்டு செட்டா இருக்கு, ஒரு வீட்ல ரெண்டு குழாய் மாதிரி, ஒண்ணை மூடினாலும் இன்னொண்ணுல தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டும் மூடின கடலை இயற்கையாவே இருக்குன்னு புளோரிடா பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சு 1987-ல வெளியிட்டாங்க, ஓலியிக் 80 சதவீதம். இந்தியாவுல 2020-ல கிர்னார் 4, கிர்னார் 5ன்னு ஹை ஓலியிக் கடலை ரகங்கள் வந்துச்சு. நாம வாங்குற வழக்கமான கடலெண்ணெய்ல மோனோவும் பாலியும் கிட்டத்தட்ட 45க்கு 30ன்னு நிக்கும், ஹை ஓலியிக்னா மோனோ 70-ஐத் தாண்டிரும்.

இது எதுக்குன்னா, லினோலியிக் காத்துல கெட்டுப்போற வேகம் ஓலியிக்கை விட சுமார் 10 மடங்கு. தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம்னு மணிக்கணக்கா பொரிக்கிறவங்க மோனோ கூடின பாட்டிலைத் தேடுங்க, சிக்கு வாடை சீக்கிரம் வராது. ஆனா பாலியே வேணாம்னு ஒதுக்காதீங்க, லினோலியிக்கை நம்ம உடம்பால செய்ய முடியாது, சாப்பாட்டுல வந்தாதான் உண்டு.

இந்தக் கணக்கு ரெண்டு இடத்துல ஏமாத்தும், கவனமா இருங்க. ஒண்ணு கடுகெண்ணெய். பழைய ரகங்கள்ல எருசிக் அமிலமே 40 சதவீதத்தைத் தாண்டும், அதுவும் மோனோதான், அதனால லேபிள்ல நல்ல பிள்ளை மாதிரி மோனோ வரியிலயே ஒளிஞ்சிருக்கும். எலிகளுக்கு அதை நெறைய கொடுத்தப்ப இதயத் தசையில கொழுப்பு சேந்துச்சு. எஃப்ஏஇ1ங்கற ஜீன்தான் விதையில எருசிக்கைச் செய்யுது, கனடாவுல டவுனி, ஸ்டெஃபான்சன்ங்கற ரெண்டு விஞ்ஞானிங்க கடுகோட சொந்தக்கார செடியான ரேப்சீட்ல எருசிக்கைக் கொறைச்சதாலதான் இன்னைக்கு கனோலா எண்ணெய் இருக்கு, அதுல எருசிக் 2 சதவீதத்துக்குள்ளதான். கடுகெண்ணெய் வேணும்னா எருசிக் கொறைஞ்ச ரகம்னு பாட்டில்லயே எழுதியிருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு நல்லெண்ணெய். பாலி 40க்கு கிட்ட இருக்கும், கணக்குப்படி சீக்கிரம் கெடணும், கெடாது, ஏன்னா எள்ளு செய்யுற சிசமின், சிசமோலின் மாதிரி பொருட்கள் இருக்கு, வறுக்கும்போது சிசமோலின் சிசமோலா மாறி எண்ணெயைக் காக்கும். லேபிள்ல இது எதுவும் வராது.

பாமாயில் சுலபம், பாதி சாச்சுரேட்டட், லேபிள் மறைக்காது. 2027 நடுவுல இருந்து சிங்கப்பூர்ல எண்ணெய்க்கும் நியூட்ரி கிரேட்ங்கற A முதல் D வரை தரம் போடுற லேபிள் வரும்னு அறிவிச்சிருக்காங்க, அது குறி வைக்கிறது சாச்சுரேட்டட்டைத்தான், ஓலியிக் லினோலியிக் வித்தியாசத்தை அப்பவும் நாமதான் பின்பக்கம் படிச்சுக்கணும்.

எங்க வீட்ல பொரிக்க ஹை ஓலியிக் சூரியகாந்தி, தினசரி தாளிக்க கனோலா, இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய். நம்ம ஊரு வெக்கைக்கு சின்ன பாட்டிலா வாங்கி அடுப்புகிட்ட வைக்காம அலமாரிக்குள்ள வைங்க.