சீசன் முடியிற நேரத்தில் சிவனொளிபாதமலை: நல்லதண்ணியால் ஏறி, பலாபத்தலவால் இறங்க

சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவோடு (பௌர்ணமி) தொடங்கி வெசாக் போயாவோடு முடியும். கடைசி நாலைந்து வாரங்களில் மலை வேறு குணம் காட்டும். பின்னேர மழை இடியோடு வரும், வழியில் தேத்தண்ணிக் கடைகள் குறையத் தொடங்கும். ஜனவரியில் ஒரு போத்தல் தண்ணியோடு ஏறியவரும் இப்போது முதுகுப்பையோடுதான் போகவேண்டும். இங்கே சொல்வது கொழும்பிலிருந்து சனி காலை வெளிக்கிட்டு, ஹட்டன் பக்கத்து நல்லதண்ணியால் ஏறி, இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலவால் இறங்கி, ஞாயிறு இரவு வீடு வருகிற கணக்கு.

எந்த நாள் போவது என்பதை முதலில் தெரிவு செய்யுங்கள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் போயா ஒட்டிவரும் வார இறுதியும் வேண்டாம். கடைசிப் படிகளில் வரிசை நகராமல் நின்று, வியர்த்த உடம்போடு காற்றில் விறைப்பீர்கள். வெசாக் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கலண்டரைப் பார்த்து, அதற்கு ஒரு வாரமாவது முந்தி முடியுங்கள். அது கழிந்தால் படிகளின் மின்விளக்கும் இல்லை, ஆளும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும், நுவரெலியா, இரத்தினபுரி மாவட்டங்களுக்கான மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். எச்சரிக்கை மஞ்சள் என்றால் பலாபத்தலப் பக்கத்தை விட்டுவிட்டு நல்லதண்ணியாலேயே திரும்புங்கள். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

இனிச் சப்பாத்து. பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இதிலேதான், அதுவும் நல்ல விலை கொடுத்து வாங்கிய சப்பாத்திலே. நெடுநாள் அலுமாரியில் கிடந்த மலையேறும் சப்பாத்தின் அடியில் உள்ள மெத்தைப் படை கொழும்பின் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே உக்கிவிடலாம். வெளியே புதிது மாதிரித் தெரியும். நூறு படி ஏறினதும் அடி அப்படியே வாயைப் பிளக்கும். போகிற கிழமை, குதிப் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். கோடு கோடாக வெடித்தாலோ தூள் உதிர்ந்தாலோ அது வேண்டாம். நல்லது என்றாலும் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் நடந்து பாருங்கள். பையில் இரண்டு மீற்றர் நைலோன் கயிறு இருக்கட்டும். அடி பிரிந்தால் பாதத்தோடு சேர்த்துக் கட்டி இறங்கலாம்.

பை 30 முதல் 35 லீற்றர் போதும், தண்ணியோடு சேர்த்து எட்டுக் கிலோவைத் தாண்டக்கூடாது. பைக்கு மேலே போடுகிற மழையுறையை நம்பவேண்டாம், முதுகு படும் பக்கத்தால் தண்ணி இறங்கும். பைக்கு உள்ளே ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள். அதற்குள் இன்னொரு பொலித்தீன் பையில் ஒரு பெனியன், ஒரு கம்பளிச் சட்டை, ஒரு சோடி தடித்த காலுறை. உச்சிக்குச் சற்று முன் மாற்றுவதற்கான உடுப்பு இது. அதுவரை எவ்வளவு குளிர்ந்தாலும் இதைத் தொடக்கூடாது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் பாரம், காயவும் காயாது.

மற்றவை: மழைக்கோட், தலையில் கட்டும் டோர்ச், அதற்கு மாற்றுப் பற்றரி ஒரு தொகுதி, ஒன்றரை லீற்றர் தண்ணி, ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைத் தூள் இரண்டு பக்கற் (ஒன்றை ஒரு லீற்றர் தண்ணியில் முழுதாகக் கரைக்கவேண்டும்; அரைப் போத்தலில் கொட்டினால் வயிற்றைக் குமட்டும்), பிளாஸ்டர், சித்தாலேப களிம்பு. சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாலு தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், இருநூறு கிராம் கச்சான், கொஞ்சம் பேரீச்சம்பழம். தேங்காய்ப்பூச் சம்பல் மறுநாள் காலைக்கு முன்பே புளித்துவிடும்.

சனி காலை கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயில், ஐந்தாறு மணி நேரம். மலைநாட்டு ரயில் ஓடுகிறதா என்பதை முதல்நாளே விசாரியுங்கள். இல்லாவிட்டால் புறக்கோட்டையில் பஸ். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பின்னேரம் நாலு மணிக்குள் அறைக்குப் போய், சோறு சாப்பிட்டு, ஏழு மணிக்குப் படுத்துவிடுங்கள். மழை கொட்டுவது அந்த நேரத்தில்தான், கூரைக்குக் கீழே கழியட்டும்.

இரவு ஒன்றரை மணிக்கு ஏறத் தொடங்கினால் சரி. உச்சி 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து உயரம் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர், படிகள் ஐயாயிரத்துக்கும் மேல். பையோடு மூன்றரை முதல் நாலு மணி நேரம் எடுக்கும். தொடக்கத்தில் பாதை இலேசாகத்தான் இருக்கும், அங்கே வேகமாக நடந்து மற்றவர்களை முந்தாதீர்கள். வியர்வை சட்டையை நனைக்காத வேகம்தான் சரியான வேகம். கம்பளிச் சட்டையோடு ஏறவேண்டாம். ஐந்தேகாலுக்கு முன் உச்சிக்குப் போவதிலும் பயனில்லை, சூரியன் ஆறு மணியளவில்தான்.

உச்சிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது, காற்று அடிக்காத ஒரு மறைவில் நில்லுங்கள். ஈரப் பெனியனைக் கழற்றி, முதுகையும் கழுத்தையும் துண்டால் அழுத்தித் துடைத்து, காய்ந்த பெனியன், அதன்மேல் கம்பளி, அதன்மேல் மழைக்கோட். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாதவர்கள்தான் விடியும்போது பல் கிட்டித்துக் குந்தியிருப்பார்கள். மேலே செருப்பு, சப்பாத்துக் கழற்றவேண்டும். கல் பனிக்கட்டி மாதிரி இருக்கும், தடித்த காலுறை அதற்குத்தான். சூரியன் கிளம்பியதும் மேற்குப் பக்கம் போய் மலையின் முக்கோண நிழலைப் பாருங்கள், கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

ஏழு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மூடுபனியில் தவறான படிக்கட்டால் இறங்கி, பிழை என்று பாதி வழியில் தெரிந்து திரும்பி ஏறுவது அடிக்கடி நடக்கும். முதல் படியில் கால் வைக்க முன் “இரத்தினபுரிப் பக்கமா?” என்று கேளுங்கள். கீழே குருவிட்ட, எரத்னவுக்குப் பிரியும் இடத்திலும் அப்படியே பலாபத்தலவைக் கேட்டுப் போங்கள்.

முதலில் வருவது மகாகிரிதம்ப என்ற செங்குத்தான இறக்கம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்குங்கள். கால் நகங்களை வீட்டிலேயே ஒட்ட வெட்டியிருக்கவேண்டும். சப்பாத்துக் கயிற்றைக் கணுக்காலடியில் இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்திருந்தால் பாதம் முன்னே வழுக்கி, பெருவிரல் நகம் கறுத்துவிடும். இறங்கும் உயரம், ஏறியதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். முழங்கால் வலி உள்ளவர்கள் நல்லதண்ணியாலேயே திரும்புவதுதான் புத்தி.

இந்தப் பக்கம் அட்டை அதிகம். காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகி, காலுறை விளிம்பில் சித்தாலேப பூசுங்கள். மழை கழுவினால் திரும்பப் பூசவேண்டும். கடித்த அட்டையைப் பிய்க்காமல், அதன் மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்து வழித்துத் தள்ளுங்கள். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டிருப்பதால் கசிவு நெடுநேரம் இருக்கும். பயப்படவேண்டாம், கழுவி அழுத்திப் பிளாஸ்டர் ஒட்டினால் போதும்.

ஓடைகளில் தண்ணி திடீரென்று கலங்கி, இலை குழை அடித்து வந்தால் மேலே மழை. கடக்காமல் உயரமான இடத்தில் காத்திருங்கள். இடி கேட்டால் தனி மரத்தடியும் இரும்புக் கம்பியும் ஆகாது. உணவுப் பொதியின் பொலித்தீன் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பி வரட்டும். இது 2010 முதல் உலக மரபுரிமைக் காடு. அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

நிதானமாக வந்தால் பிற்பகல் ஒன்று, இரண்டு மணிக்குப் பலாபத்தல. அங்கிருந்து இரத்தினபுரி, பிறகு கொழும்பு பஸ். ஏறமுன் காலுறையைக் கழற்றி விரலிடுக்கைப் பாருங்கள். காலில் புண்ணோடு சேற்றிலும் ஓடையிலும் நடந்திருந்தால், அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் பனடோலோடு இருக்காதீர்கள். எலிக்காய்ச்சல் இரத்தினபுரிப் பக்கம் உண்டு. டொக்டரிடம் போய், எங்கே நடந்தீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.