பஃபலோ கேப் புல்வெளியில் இலவசமாகக் கூடாரம் போட்டுத் தங்குவது எப்படி?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், மழையும் காற்றும் அரித்த பாறை மேடுகள் நிறைந்த பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவை ஒட்டிக் கிடக்கிறது பஃபலோ கேப் தேசியப் புல்வெளி. கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, ஒரே இடத்தில் 14 நாள் வரை தங்கலாம். குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. இப்படித் தங்குவதை இங்கே டிஸ்பெர்ஸ்டு கேம்பிங் என்கிறார்கள். இரண்டு கோடைகள் போய் வந்துவிட்டேன். முதல் தடவை சேற்றில் மாட்டிக்கொண்டு முக்கால் நாள் போனது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: வரைபடம்

1930களின் புழுதிப் புயல்களில் உழுத மண் பறந்துபோய், விவசாயிகள் விட்டுச் சென்ற நிலங்களை அரசு வாங்கி மறுபடி புல் வளர்த்தது. 1960இல் அவை தேசியப் புல்வெளிகள் ஆயின. அமெரிக்க வன சேவைதான் பார்த்துக்கொள்கிறது. துண்டு துண்டாக வாங்கிய நிலம் என்பதால் அரசு நிலமும் தனியார் பண்ணையும் சதுரங்கக் கட்டம் மாதிரி மாறி மாறி வரும். வேலியை வைத்து எது யாருடையது என்று சொல்ல முடியாது. அரசு நிலத்துக்குள்ளேயும் மேய்ச்சலுக்காக வேலி போட்டிருப்பார்கள்.

அதனால் வன சேவை இலவசமாகத் தரும் மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்பை (எந்தத் தடத்தில் வண்டி விடலாம் என்று காட்டும் வரைபடம்) வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அவென்ஸா செயலியில் திறந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் இடம் புள்ளியாகத் தெரியும். கூகுள் மேப்ஸை இங்கே நம்பவே வேண்டாம். அதில் சாலை என்று காட்டுவது சில சமயம் பண்ணைக்காரரின் வண்டித் தடமாக இருக்கும். வன சேவை வரைபடத்தில் இல்லாத தடத்தில் வண்டி விடக் கூடாது.

வழியில் கேட் வந்தால், மூடியிருந்ததை மூடிவிட்டும் திறந்திருந்ததைத் திறந்தபடி விட்டும் போங்கள். மாடுகள் தண்ணீருக்குப் போகும் வழி அது.

படி 2: மண்ணைப் பாருங்கள்

நான் தவறவிட்ட படி இதுதான். சரளைச் சாலையை விட்டு அரை மைல் உள்ளே, நல்ல சமதரை, பக்கத்தில் யாரும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு இருபது நிமிடம் மழை பெய்தது. காலையில் பத்தடி நடப்பதற்குள் ஒவ்வொரு செருப்பும் இரண்டு கிலோ கனத்தது. வண்டியை எடுத்தால் முன்சக்கரம் சுற்றுகிறது, வண்டி பக்கவாட்டில் வழுக்குகிறது. ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் பயனில்லை. டயரின் பள்ளமெல்லாம் மண் அடைத்து, டயர் மொழுக்கென்று ஆகிவிட்டது.

இந்த மண்ணை உள்ளூரில் கம்போ என்கிறார்கள். தண்ணீரைக் குடித்து ஊதும் களிமண். மழை நாளில் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் இறங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். இரண்டும் ஒரே இனம்.

கூடாரத்தை இறக்குவதற்கு முன் ஒரு சிட்டிகை மண்ணை எடுங்கள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் உருட்டுங்கள். உதிர்ந்துபோனால் கவலையில்லை. முறுக்கு மாவு மாதிரி திரியாக நீண்டால் அது கம்போ. வண்டியைச் சரளைமேலேயே ஓரமாக நிறுத்திவிட்டு, கூடாரத்தை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.

அப்படியும் மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் காத்திருங்கள். வெயிலும் காற்றும் இருந்தால் சில மணி நேரத்தில் மேல்மண் காய்ந்துவிடும். ஈரத்தில் ஓட்டினால் விழும் தடம் வருஷக்கணக்கில் மறையாது.

ஒரு இடம் சொல்லவா? ஐ-90 நெடுஞ்சாலையில் வால் என்ற ஊருக்கான 110ஆம் வெளிவழியில் இறங்கி, 240ஆம் சாலையில் தெற்கே போங்கள். பூங்காவின் பினக்கிள்ஸ் நுழைவாயிலுக்குச் சற்று முன்னால் இடது பக்கம் திரும்பினால் மேட்டு விளிம்பு வரும். காலடியில் பேட்லேண்ட்ஸ் முழுக்க விரிந்து கிடக்கும். கூட்டம் இருக்கும், ஆனால் விடியலில் அந்தப் பாறை வரிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பதை ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

படி 3: கூடாரம்

மரமே இல்லாத வெளி, காற்றுக்குத் தடையே இல்லை. நின்றபடி உடை மாற்றும் உயரக் கூடாரம் வேண்டாம், தாழ்வானதே நல்லது. கூடவே வரும் கம்பி முளைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஹார்டுவேர் கடையில் பத்து அங்குல ஆணிகள் வாங்குங்கள். இழுகயிறு எல்லாவற்றையும் கட்டுங்கள். இடி கேட்டால் கூடாரத்தை விட்டுக் காருக்குள் போய்விடுங்கள்.

படி 4: தண்ணீர், அடுப்பு, கழிப்பிடம்

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். விறகு மூட்டாதீர்கள், காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். நான் கேஸ் அடுப்பை வண்டி நிற்கும் சரளையில் வைத்துத்தான் பற்றவைக்கிறேன். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் அடுப்பே வேண்டாம். கழிப்பதற்கு ஆறு முதல் எட்டு அங்குலக் குழி, நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி. காகிதத்தைப் பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள்.

ஏரிக்கரை வேண்டுமென்றால்

மான்டானாவின் ஃபோர்ட் பெக் ஏரிக்குப் போகலாம். ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணை நீர்த்தேக்கம், கரை 1,520 மைல் நீளம். அங்கே 30 நாளில் 14 நாள் தங்கலாம். ராத்திரி காற்று திரும்பினால் அலை ஏறி வரும், அதனால் தண்ணீரை ஒட்டிப் படுக்காதீர்கள். அங்கேயும் கம்போதான், மண்ணை உருட்டிப் பார்க்க மறக்க வேண்டாம்.

பிறகு சேர்த்தவை

குழந்தைகளோடு போன ஒருவர், புல்வெளி நாய்களின் (பிரெய்ரி டாக் எனப்படும், வளை தோண்டி வாழும் அணில் இன விலங்கு) வளைகளுக்குப் பக்கத்தில் தங்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். அவற்றின் தெள்ளுப்பூச்சிகளில் பிளேக் கிருமி இருக்கலாம்; 2008இல் பூங்காவுக்குத் தெற்கே கொனாட்டா பேசினில் அது பரவியது. வளைகளில் பாம்பும் இருக்கும்.

சேற்றிலிருந்து வெளியே வந்தபின் ஸ்டீயரிங் ஆடுகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எனக்கும் அறுபது மைல் வேகத்தில் அப்படித்தான் ஆடியது. சக்கரத்தின் உட்பக்கம் ஒட்டிய கம்போ காய்ந்து ஒரு பக்கம் கனம் ஏறியிருக்கும். ஈரமாக இருக்கும்போதே ஒரு மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், காய்ந்தால் சுத்தியல் வேண்டும்.