குழந்தை சொல்வது நம் காதில் விழாதபோது

ஒரு வயதுக் குழந்தை. மூன்று வாய் சாப்பிட்டாயிற்று. நாலாவது வாய்க்கு உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறது. உடனே கைபேசியில் பாட்டு ஓடுகிறது. கண் திரையிலேயே நிற்க, வாய் தானாகத் திறக்கிறது. கிண்ணம் காலி, நமக்கும் நிம்மதி. ஆனால் "போதும்" என்று குழந்தை சொன்னதை யாரும் கேட்கவில்லை. இதுவே தினசரி வழக்கமானால், வயிறு நிறைந்ததா இல்லையா என்பதே அதற்குப் பிடிபடாமல் போய்விடும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை நாம் முடிவு செய்யலாம். எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும்.

அப்புறம், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பது பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் பாலையே நம்பியிருப்பது தவறு என்பதுதான் அவ்வளவாகத் தெரிவதில்லை. பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து அந்த நேரத்தில் குறைந்துவிடும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் இரத்தசோகை வரலாம். தேன் மட்டும் ஒரு வயதுக்கு முன் ஒரு துளிகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா பச்சிளங்குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்துவிடும்.

"இதற்கு என்ன புரியப்போகிறது" என்று பேசாமல் இருப்பதும் பெரிய இழப்பு. குழந்தை "ஆ... கூ" என்றால் பதில் சொல்லுங்கள், பிறகு கொஞ்சம் நிறுத்துங்கள். சில விநாடி கழித்து அது மறுபடி குரல் கொடுக்கும். ஆள் மாற்றி ஆள் பேசுவதை அது அங்கேதான் பழகுகிறது.

சக்கரம் வைத்த வாக்கரில் உட்காரவைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பதும் நடப்பதில்லை. படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்துதான் மிச்சம். கனடா 2004-இலேயே அதைத் தடை செய்துவிட்டது. தரையில் தவழ விடுங்கள், போதும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது, "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசும்" என்று மாதங்களைக் கடத்துவது. குழந்தைக்குக் குழந்தை வேகம் மாறும், சரி. ஆனாலும் 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்தினால் எந்த வயதானாலும் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.