லூசெர்னில் பட்ஜெட் பயணம்: ஊரிலிருந்து கிளம்பும் முன்பே காசு கரையும் இடங்கள்

சுவிட்சர்லாந்தின் லூசெர்னுக்குப் பேக்பேக்கோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள் வருடத்துக்கு வருடம் மாறுவதே இல்லை. அதே பாஸ், அதே அவசர முன்பதிவு, ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கடை வாசலில் அதே முழிப்பு. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல ஷூ போடுங்கள், ஹோட்டலில் சாப்பிட்டால் செலவாகும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம். லூசெர்னில் தெருவில் நடந்து காசு கரைவது குறைவு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் இரண்டு மூன்று முடிவுகளில்தான் பெரும்பகுதி போய்விடுகிறது.

கணக்குப் போடாமல் ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்குவது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத தவறு இது. "ஸ்விட்சர்லாந்தா? முதல்ல பாஸ் வாங்கிடு" என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். விசா கைக்கு வந்த அன்றே வாங்கிவிடுவார்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு நாடு முழுக்க ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட், அதுதான் இந்தப் பாஸ். அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. சூரிச், இன்டர்லாகன், செர்மாட், மோந்த்ரோ என்று தினம் ஒரு ஊர் மாறுகிறவருக்கு அது அருமையான பாஸ். ஒரே ஊரில் தங்கி, பாதி நேரம் நடந்தே சுற்றப் போகிற பேக்பேக்கருக்கு அது தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். 2025 விலைப்படி, தொடர்ந்து 4 நாளுக்கான இரண்டாம் வகுப்பு பாஸ் 295 ஃபிராங்க். ஒருவர் முதல் நாள் சூரிச் விமான நிலையத்திலிருந்து லூசெர்ன் வருகிறார், ஒரு நாள் ரிகி மலைக்குப் போகிறார், ஒரு நாள் ஊரைச் சுற்றுகிறார், நான்காம் நாள் திரும்புகிறார். விமான நிலைய ரயில் ஒரு வழிக்குச் சுமார் 30, இரண்டு வழிக்கு 60. ஆர்ட்-கோல்டாவ் வரை ரயில், அங்கிருந்து ரிகிக்குப் பல்சக்கர ரயில் எல்லாம் சேர்த்து 100 அளவில் வரும். மொத்தம் 160. பாஸ் வாங்கியவர் 135 ஃபிராங்கைச் சும்மா கொடுத்திருக்கிறார். ஹாஸ்டல் டார்மில் இரண்டு இரவுக்கான காசு அது.

சரி, டிட்லிஸ் மலைக்கும் போகிறார் என்று வைப்போம். எங்கெல்பெர்க் வரை ரயிலில் போய்வரச் சுமார் 40, ரோப்கார் 100ஐ ஒட்டி. பாஸ் இல்லாமல் முழு விலை கொடுத்தால் 300 ஆகிறது. பாஸ் இருந்தால் 295, அதோடு ரோப்காருக்குப் பாதி விலை 50, ஆக 345. பெரும்பாலான டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தரும் அரைக்கட்டண அட்டை (Half Fare Card) வாங்கினால் அட்டைக்கு 150, பயணத்துக்கு 150, ஆக அதே 300. பிலாட்டஸ் மலையையும் சேர்த்தால் அரைக்கட்டண அட்டை முந்திவிடும். இந்தத் திட்டத்தில் எப்படிக் கூட்டினாலும் பாஸ்தான் விலை கூடியது.

"பாஸ் இருந்தா எல்லாம் ஃப்ரீ" என்ற நம்பிக்கைதான் குழப்பத்தின் வேர். மலைகளில் ரிகி, ஸ்டான்ஸர்ஹார்ன், ஸ்டூஸ் மூன்றும் முழுக்க அடக்கம். பிலாட்டஸுக்கும் டிட்லிஸுக்கும் பாதிதான் தள்ளுபடி. யுங்ஃப்ராவ்யோக்குக்கு கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரை இலவசம், அதற்கு மேலே 25 சதவீதம் மட்டும் குறையும். எங்கெல்பெர்க் கவுன்டரில் பாஸை நீட்டி, மீதிப் பணம் கேட்டதும் அங்கேயே நின்று ஏஜென்ட்டுக்கு போன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பே படித்திருந்தால் வரிசையில் நின்று மனம் நொந்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, பாஸின் "நாள்" காலண்டர் நாள், 24 மணி நேரம் அல்ல. இரவு 8 மணிக்கு விமானம் இறங்கி அன்றைக்கே பாஸைத் தொடங்கினால் ஒரு முழு நாள் வீண். அன்றைக்குத் தனி டிக்கெட் எடுத்துக்கொண்டு மறுநாளிலிருந்து பாஸைத் தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. (SBB) ஆப்பில் உங்கள் ஒவ்வொரு பயணத்தையும் போட்டு முழு விலையை எழுதுங்கள். பக்கத்தில் அதன் பாதி, கீழே அரைக்கட்டண அட்டையின் விலை. மூன்றாவதாக பாஸ் விலை, அதோடு பாஸில் அடங்காத மலைச் செலவு. மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் பாஸுக்கு இளைஞர் விலை உண்டு, அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். ஒரே ஒரு நாள் மட்டும் நீண்ட சுற்று என்றால் சேவர் டே பாஸைப் பாருங்கள். பல மாதம் முன்னதாக வாங்கினால் 52 ஃபிராங்கிலிருந்து கிடைக்கும், ஆனால் வாங்கிய பின் பணம் திரும்பாது.

எழுதும்போது ஒரு கண்ணி இருக்கிறது. விலைக்குப் பக்கத்தில் 1/1, 1/2 என்று பார்ப்பீர்கள். 1/2 என்பது அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவர்களுக்கும் 6 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கும். அட்டை இல்லாமல் மலிவாக இருக்கிறதே என்று அதை வாங்கினால், பரிசோதகர் வரும்போது டிக்கெட் செல்லாது. அபராதம் விழும். "தெரியாது" என்பது அங்கே பதிலாகாது.

விசிட்டர் கார்டை வாங்காமல் விடுவது

பதிவு பெற்ற விடுதியில் ஓர் இரவு தங்கினாலே கிடைக்கும். தங்கும் நாள் முழுக்க லூசெர்ன் 10ஆம் மண்டலத்துக்குள் பஸ்ஸும் ரயிலும் இலவசம். பிலாட்டஸ் ரோப்கார் கிளம்பும் கிரீன்ஸ் இந்த மண்டலத்துக்குள்தான் வருகிறது. நிலைய வாசலில் 1ஆம் எண் பஸ் ஏறினால் போதும். விடுதி தானாகத் தரவில்லை என்றால் செக்-இன் செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.

மலைக்குத் தேதி குறித்து டிக்கெட் எடுப்பது

ஏரி மட்டம் 434 மீட்டர். ரிகி 1,798, பிலாட்டஸ் 2,128. இந்த உயர வித்தியாசத்துக்குள் இரண்டு வெவ்வேறு வானிலை இருக்கும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் ஊர் முழுக்கச் சாம்பல் நிற மூடுபனி மூடிக் கிடக்கும். புதியவர்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேண்டாம்" என்று படுத்துவிடுவார்கள். அதே நேரம் ரிகி உச்சியில் பளிச்சென்று வெயிலடிக்கும், காலடியில் மேகக்கடல் விரிந்திருக்கும். கோடையில் இதற்கு நேர்மாறு. காலையில் தெளிவாக இருந்து மதியத்துக்குமேல் இடிமேகம் திரளும். இதெல்லாம் தெரியாமல் ஊரிலேயே தேதி போட்டு வாங்கிய டிக்கெட்டோடு, உச்சியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மலைக்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள், தேதியைப் போடாதீர்கள். காலை ஏழு மணிக்கு ரிகி, பிலாட்டஸ் வெப்கேம்களைப் பாருங்கள். உச்சி தெளிவாக இருந்தால் முதல் வண்டியிலேயே கிளம்பிவிடுங்கள். 1871இல் ஓடத் தொடங்கிய விட்ஸ்னாவ்–ரிகி ரயில், ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில், வருடம் முழுக்க ஓடுகிறது. பிலாட்டஸின் 48 சதவீதச் சரிவு ரயில் பனிக்காலத்தில் ஓடாது, அப்போது கிரீன்ஸ் பக்க ரோப்கார்தான். ரோப்கார்களைப் பராமரிப்புக்காகச் சில நாள், சில வாரம் நிறுத்துவதும் உண்டு, பெரும்பாலும் இலையுதிர் காலத்தில். இணையதளத்தில் அந்தத் தேதிகளைப் பார்த்துவிடுங்கள்.

மஞ்சள் பலகையின் நேரத்தை உங்கள் நேரமாக எடுத்துக்கொள்வது

நடைபாதைப் பலகையில் எழுதியிருப்பது நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். படம் எடுப்பதும் தண்ணீர் குடிப்பதும் அதில் இல்லை. வெறும் மஞ்சள் சாதாரணப் பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை, கால் நிதானம் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை பார்த்தால் திரும்பிவிடுங்கள். பிலாட்டஸிலிருந்து ஏரிக்கரைக்கு நடந்தே இறங்கினால் காசு மிச்சம்தான், ஆனால் 1,600 மீட்டர் இறக்கம், முதுகில் பெரிய பையோடு முட்டி தாங்காது. பையை நிலைய லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மேலே ஏறுமுன் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

கடை இருக்காது. சனியன்றும் சீக்கிரமே சாத்திவிடுவார்கள். ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

சமையலறை இல்லாத ஹாஸ்டல்

படுக்கை விலையை மட்டும் பார்த்து புக் செய்யாதீர்கள். விருந்தினர் சமையலறை எல்லா ஹாஸ்டலிலும் கிடையாது. அது இல்லையென்றால் ஒரு வேளைச் சூடான சாப்பாட்டுக்கு 25 ஃபிராங்க் வரை போய்விடும். சமையலறை இருந்தால் மிக்ரோஸ் சூப்பர்மார்க்கெட்டில் பச்சை நிற எம்-பட்ஜெட் பாக்கெட், கோப் (Coop) சூப்பர்மார்க்கெட்டில் பிரி கரான்டி பாக்கெட் என்று மலிவு வகைகளை வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம். கடை சாத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போனால் சாலட், சாண்ட்விச், தயிர் மேலெல்லாம் 25, 50 என்று தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். நம்மூர் அரிசி, பருப்புக்கு ஈழத்தமிழர் கடைகள் உண்டு, பெட்டியில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

பெட்டியில் நெய், பால்கோவா, கறிவேப்பிலை

எடுக்கக் கூடாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர் இறைச்சி, பால் பொருள் கொண்டுவரத் தடை. பச்சை இலை, காய், பழங்களில் பெரும்பாலானவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். இட்லிப் பொடிக்குத் தடையில்லை, நெய் கலக்காததாக எடுங்கள்.

தண்ணீர் பாட்டில்

வாங்காதீர்கள். தெருக் குழாயில் வருவது குடிநீர். "கைன் டிரிங்க்வாசர்" (குடிநீர் அல்ல) என்ற பலகை இருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

யூரோவும் ரூபாயும்

ஃபோரெக்ஸ் கார்டில் யூரோ ஏற்றிவிட்டு ஃபிராங்கில் செலவழித்தால் மாற்றுக் கட்டணம் இன்னொரு முறை பிடிப்பார்கள். ஃபிராங்கே ஏற்றுங்கள். கார்டு மெஷின் "ரூபாயில் கட்டவா, ஃபிராங்கிலா" என்று கேட்டால் எப்போதும் ஃபிராங்கைத் தொடுங்கள். ரூபாய் என்று போட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான். சிம் விஷயமும் இப்படித்தான். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. "ஐரோப்பா முழுக்க" என்று விற்கும் டேட்டா பேக்கின் நாட்டுப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

பிளக்

சுவிஸ் சாக்கெட் சுவருக்குள் குழிந்த அறுகோணம். உருண்டை இரண்டு முள் உள்ள ஒல்லியான சார்ஜர் நேராகப் போய்விடும். நம்மூர் பெரிய மூன்று முள் போகாது, ஜெர்மனியின் வட்டத் தலைப் பிளக்கும் போகாது. உலகம் முழுக்க வேலை செய்யும் என்று விற்கும் கட்டை போன்ற அடாப்டரின் உடம்பு அந்தக் குழிக்குள் நுழையாமல் இடித்து நிற்கும். ஒல்லியான இரண்டு முள் அடாப்டர் ஒன்றையும், ஒன்றுக்கு மூன்று போர்ட் உள்ள சார்ஜரையும் எடுத்துக்கொள்ளுங்கள். டார்மில் ஒரு படுக்கைக்கு ஒரு சாக்கெட்தான் எதிர்பார்க்கலாம்.