சின்சில்லா அசையாமல் இருந்தால் பழகிவிட்டது என்று அர்த்தமில்லை

சின்சில்லா என்கிற, மெத்தென்ற ரோமம் கொண்ட கொறிக்கும் பிராணியை வாங்கி வந்த வீடுகளில் முதல் வாரமே ஒரு கூத்து நடக்கும். ஆளாளுக்குக் கூண்டுக்குள் கையை விடுவார்கள், அது மூலையில் ஒடுங்கி அசையாமல் உட்கார்ந்துவிடும், உடனே "பாருங்க, எவ்வளவு சாது!" என்பார்கள். சாதுவெல்லாம் இல்லை, பயத்தில் உறைந்து கிடக்கிறது. ஆண்டிஸ் மலையில் நரிக்கும் ஆந்தைக்கும் தப்பி வாழ்ந்த இனம், மேலிருந்து எது இறங்கினாலும் உயிருக்கு ஆபத்து என்றுதான் நினைக்கும்.

கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் இருக்கிற நமக்கு வெயிலும் ஒரு சிக்கல். பாலக்காட்டுக் கோடை சில நாள் 40 டிகிரியைத் தொடும், சின்சில்லாவுக்கோ 25 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. ஒரே மயிர்க்காலில் 60 முடிவரை முளைக்கிற உடம்பு, வியர்வையும் கிடையாது, அதனால் மின்விசிறி மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை. காது சிவந்து, நீட்டிப் படுத்து, தூக்கினாலும் திமிறாமல் கிடந்தால் பாசம் என்று மடியில் வைத்துக் கொஞ்சாதீர்கள், அது வெப்பத்தாக்கு. குளிர்ந்த அறைக்கு மாற்றி, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏசி இல்லாத வீட்டுக்கு இந்தப் பிராணி வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சரி, பழக்குவது எப்படி? பகலில் தூங்க விடுங்கள். பொழுது சாய்ந்து அது தானாக எழுந்த பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மெதுவாக ஏதாவது பேசுங்கள், போன் பார்த்தாலும் பரவாயில்லை, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் முன்னால் பயமில்லாமல் உலர்ந்த புல்லைத் தின்ன ஆரம்பித்ததும், உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துக் கூண்டின் தரையோடு வையுங்கள். அதில் சிட்டிகை வெறும் ஓட்ஸ் போதும். உலர்திராட்சை ஆசையாகத் தின்னும்தான், ஆனால் அந்தச் சர்க்கரை வயிற்றைக் கெடுக்கும். கைக்கு வரவில்லையா, விட்டுவிடுங்கள், துரத்த வேண்டாம்.

அப்புறம், மூடிய அறையில் கரண்ட் ஒயர்களை மறைத்துவிட்டு வெளியே விட்டு, நீங்களும் தரையில் உட்காருங்கள். தானாகவே உங்கள் மேல் ஏறி ஆராயும். அப்போது பிடிக்கக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்! ரோமத்தைப் பிடித்து இழுத்தால் கொத்தாக உங்கள் கையில் விட்டுவிட்டு ஓடிவிடும், எதிரியிடம் தப்பிக்க அதற்கு இயற்கை கொடுத்த வித்தை அது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பாகத்துக்குக் கீழே, விலா எலும்பை அழுத்தாமல். வாலை நுனியில் பிடிக்கவே கூடாது.

வாரத்தில் இரண்டு மூன்று முறை, ரோமத்தைச் சுத்தம் செய்துகொள்ள, சின்சில்லாவுக்கென்றே விற்கிற தூளில் புரள விடுங்கள். தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள், ஆற்று மணலும் வேண்டாம். புரளும்போது நீங்கள் பக்கத்தில் சும்மா இருந்தாலே உங்கள் வாசனை பழகும்.

நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழா சமயத்தில் வெடிச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு இருந்தால், அன்றைக்குக் கூண்டை உள் அறைக்கு மாற்றி, பழக்கும் வேலையை விட்டுவிடுங்கள்.

விரலை மெல்லக் கொறித்துப் பார்ப்பதும் மென்மையாக முனகுவதும் நல்ல அறிகுறி. குரைக்கிறது, பல்லைக் கடகடக்கிறது, பின்காலில் நிமிர்ந்து மூத்திரத்தைப் பீய்ச்சுகிறது என்றால் (பெண் சின்சில்லாக்கள் இதில் கெட்டிக்காரிகள், குறி தப்பாது) கையை எடுத்துக் கதவைச் சாத்திவிடுங்கள், மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.