பெய்ஜிங்கில் முதல் ஆண்டு: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

ஆங்கிலம் தெரிந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற மிதப்போடுதான் நான் பெய்ஜிங்கில் வந்து இறங்கினேன். என் தவறுகள் எல்லாவற்றுக்கும் அந்த மிதப்புதான் வேர்.

2017 மே மாதம் ‘தங்கல்’ இங்கே வெளியானபோது, டிக்கெட் செயலியில் ஆங்கில எழுத்தில் பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு படமே வரவில்லை. கடைசியில் தியேட்டருக்குப் போய், சுவரொட்டியில் இருந்த ஆமிர் கானைக் கவுன்டர் பெண்ணுக்கு விரல் நீட்டிக் காட்டினேன். சீனத்தில் படத்தின் பெயர் ‘ஷுவாய்ஜியாவ் பா, பாபா’. ஏறக்குறைய ‘மல்யுத்தம் செய்வோம், அப்பா’. 2024 நவம்பரில் வந்த நம் ‘மகாராஜா’வுக்கு வைத்த பெயரோ ‘வினைப்பயன்’ என்று பொருள்படும். ஆகவே சீனப் பெயரை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காட்சி நேரத்தின் பக்கத்தில் எந்த மொழி என்றும் போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் வாங்கினால் நம் ஊர் நாயகன் மாண்டரினில் வசனம் பேசிக்கொண்டிருப்பார்.

படம் தொடங்குமுன் பச்சைத் திரையில் தங்க நிற டிராகன் தோன்றும். தணிக்கையில் தேறியதற்கு அடையாளம் அது. தணிக்கை கடுமையானது என்பதால் படம் குழந்தைகளுக்கும் ஏற்றது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே யு, ஏ போன்ற வயதுச் சான்றிதழ் முறையே கிடையாது. தேறிய படம் எல்லோருக்கும் பொது. சில சுவரொட்டிகளில் மட்டும், சிறுவர்கள் பெற்றோருடன் பார்க்கவேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதுவும் சீனத்தில்தான். ‘மகாராஜா’வில் வரும் வன்முறையை நினைத்தால் நான் சொல்வது புரியும்.

இரவு 7 மணி தேசியச் செய்தியை வெறும் பிரச்சாரம் என்று ஒதுக்குவது அடுத்த தவறு. அரை மணி நேரம்தான். பெரும்பாலான மாகாண அலைவரிசைகளும் அதையே அஞ்சல் செய்கின்றன. யார் முதலில் வருகிறார், எந்தச் சேதி எத்தனையாவது இடத்தில் வருகிறது, ஊரே பேசும் விஷயம் ஏன் வரவே இல்லை என்று பாருங்கள். எனக்கு அதில்தான் சுவை. சீனப் பத்திரிகைகளின் ஆங்கிலப் பதிப்புகளை மட்டும் படித்துவிட்டுச் சீனர்கள் இப்படி நினைக்கிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதாதீர்கள். அவை வெளியாருக்காகச் சமைப்பவை.

நீண்ட விடுமுறைக்கு ஈடாக முந்தைய அல்லது பிந்தைய சனியோ ஞாயிறோ வேலை நாளாகிவிடும். நாள்காட்டியை நம்பி ஒருமுறை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். அதோடு விடுகிறேன்.

டாக்சியில் இடது, வலது என்று சொல்வதும் வீண். பழைய அரண்மனையை நடுவில் வைத்துக் கட்டங்கட்டமாக அமைந்த நகரம் இது; வழி சொல்வதும் திசைகளை வைத்துத்தான். நான் இடப்பக்கம் கை காட்டினால் ஓட்டுநர், “தெற்கா?” என்று கேட்பார். நான் விழிப்பேன். பிறகு சுரங்க ரயிலில்தான் திசை பழகினேன்: பெரும்பாலான நிலையங்களில் ஏ வாயில் வடமேற்கு, பி வடகிழக்கு, சி தென்கிழக்கு, டி தென்மேற்கு.