புது சைலன்சர் மாட்டியும் புகை கசிகிறதா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

புது சைலன்சரோ, எஞ்சின் பக்கத்திலிருந்து புகையைக் கொண்டுவரும் ஃப்ரண்ட் பைப்போ மாட்டி காரை ஸ்டார்ட் செய்ததும் அடியில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், பலரும் உடனே ஸ்பானரை எடுத்து நட்டை இன்னும் இறுக்குகிறார்கள். வேலை கெடுவதே அங்கேதான். கசிவு பெரும்பாலும் புதுப் பாகத்தில் இருக்காது, அது பழைய பாகத்தோடு சேரும் இடத்தில்தான் இருக்கும். அதை முறுக்கி அடைக்க முடியாது. பல வருஷம் சூடேறி ஆறிய ஸ்டட் (நட்டு ஏறும் மரைத் தண்டு) முறிந்துபோகும், இல்லையென்றால் ஃபிளாஞ்ச் (பைப் முனையில் நட்டு போட்டுச் சேர்க்கும் தட்டு) வளைந்துவிடும்.

முதலில் கசியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள வாக்யூம் கிளீனரின் குழாயைப் பின்பக்கப் புகைக்குழாயில் பொருத்தி ஊதவிட்டு, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். ஜாயின்ட் ஓரத்தில் கறுப்பாகக் கரி படிந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஓடும் எஞ்சினுக்கு அருகே கையை நீட்டித் தேடவே கூடாது.

இடம் தெரிந்ததும் அந்த ஜாயின்ட்டைக் கழற்றி ஃபிளாஞ்சின் முகத்தைப் பாருங்கள். இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். உலோகம் தெரியும்வரை சுரண்டி எடுங்கள். அப்புறம் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வளைவு இருப்பது புரிந்துவிடும். வளைந்த முகத்துக்கு இரண்டு பேக்கிங்கை அடுக்குவது தீர்வு ஆகாது. லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். நசுங்கிய பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடவும் வேண்டாம், அது மறுபடி நசுங்கி இடைவெளியை நிரப்பாது.

சிலர் சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசி அடைத்துவிடுவார்கள். மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் பாகம்) பக்கத்துச் சூட்டை அது தாங்காது. அதிலிருந்து எழும் ஆவி, புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரையும் பாழாக்கிவிடும்.

பலரும் கவனிக்காமல் விடுவது பொருத்தும் வரிசையைத்தான். ஒரு ஜாயின்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், கடைசிப் பைப் நேராக வராது. அதை இழுத்துப் பிடித்து மாட்டும்போது அந்த இழுவிசை முழுவதும் முன்பக்க ஜாயின்ட்டில் போய் விழும், அங்கே ஒரு ஓரம் திறந்துகொள்ளும். அதனால் எல்லா ஜாயின்ட்டையும் முதலில் தளர்வாக மாட்டுங்கள். பைப்பைத் தாங்கும் ரப்பர் ஹேங்கர்களில் தொங்கவிட்டு, பைப் எங்கும் இடிக்காமல் இயல்பாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வாருங்கள். கிழிந்த ஹேங்கர் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

மேனிஃபோல்டு என்றால் நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும் போக வேண்டும். ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு மூன்று சுற்றாக, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து இறுக்குங்கள். ஸ்பிரிங் போல்ட் உள்ள ஜாயின்ட்டில் ஸ்பிரிங் முழுவதும் அமுங்க இறுக்கக் கூடாது. எஞ்சின் அசையும்போது அந்த ஜாயின்ட்டும் சற்று அசையத்தான் வேண்டும்.

கசிவு ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று சென்சார் தப்பாகச் சொல்ல, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைத் தள்ளும். மைலேஜ் குறைந்து எஞ்சின் விளக்கும் எரியலாம். அதைப் பார்த்து சென்சாரை மாற்றினால் பணம்தான் வீண்.

சத்தம் சூடேறியதும் நின்றுவிடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். உலோகம் விரிந்து ஓட்டையைத் தற்காலிகமாக மூடுகிறது, அவ்வளவுதான். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காருக்குள் தலைவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கவே வேண்டாம். காருக்கு அடியில் படுப்பதற்கு முன் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

புதுப் பைப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் முதல் ஓட்டத்தில் கருகிக் கொஞ்சம் புகையும், அது கசிவு இல்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் பின்குழாயில் நீர் சொட்டுவதும் வழக்கம்தான். ஓரிரு நாள் ஓட்டிய பிறகு, வண்டி ஆறியிருக்கும்போது கிளாம்ப்பும் நட்டும் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.